மறைத்து வைத்த எட்டுக் கோடுகள்

பத்தாவது நாள் காலையில் மூன்றாவது முறையாக மணி அடித்தபோது, நாற்காலியிலிருந்து எழுவதா வேண்டாமா என்று ஒயர் அண்ணன் கொஞ்ச நேரம் யோசித்தார். எழுந்தால் முட்டி வலிக்கும். எழாவிட்டால் மணி மறுபடியும் அடிக்கும். எது குறைந்த தொல்லை என்று மனசுக்குள் எடைபோட்டுப் பார்த்துவிட்டு, முட்டியைப் பலி கொடுத்தார்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடிருந்தது. மற்றபடி அந்த மாடியில் நர்ஸ் முதல் தரை துடைப்பவர் வரை எல்லோருக்கும் அவர் ஒயர் அண்ணன்தான். வலிப்பு நோயாளியின் மூளையில் ஓடும் மின்சாரத்தைக் கோடு கோடாகத் திரையில் ஓடவிட்டு, அதன் எதிரே உட்கார்ந்து பார்ப்பது வேலை. என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்கும் சொந்தக்காரர்களுக்கு முன்பெல்லாம் பொறுமையாக விளக்குவார். இப்போது "டிவி பாக்கறேன்" என்கிறார். யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை. ஒரு சித்தப்பா மட்டும் தன் மகனுக்கும் அங்கே இடம் இருக்குமா என்று விசாரித்தார்.

இடம் இருந்தது. பகல் வேலைக்கு இரண்டு பேர் இருக்க வேண்டும். இன்னொருவர் முதுகுவலியால் நீண்ட விடுப்பில் போயிருந்தார்; வலியைக் கொடுத்தது இதே நாற்காலிதான். ஆகவே ஒயர் அண்ணன் பன்னிரண்டு நாளாக வார விடுமுறை என்ற ஒன்றைப் பார்க்கவில்லை. கண்ணை மூடினாலும் கோடுகள் ஓடின. பல் தேய்க்கும்போது ஓடின. நேற்று வீட்டில் மனைவி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தபோது அவள் நெற்றிச் சுருக்கத்தை இவர் இடமிருந்து வலமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

மணி அடித்தது தையல்காரர் அறையில். நாற்பத்தைந்து வயசு, பதினோரு வருஷமாக வலிப்பு, மாத்திரைகள் எல்லாம் தோற்று ஓடிவிட்டன. வலிப்பு மூளையின் எந்த மூலையில் கிளம்புகிறது என்று கண்டுபிடித்துவிட்டால் அந்த மூலையை வெட்டி எடுத்துவிடலாம். அதற்காக மண்டையில் பன்னிரண்டு சின்னத் துளை போட்டு, துளைக்கு ஒரு மெல்லிய கம்பியை உள்ளே இறக்கியிருந்தார்கள். கம்பிக்கு எட்டு முனை, முனைக்கு ஒரு கோடு. ஆக மொத்தம் தொண்ணூற்றாறு கோடுகள். டாக்டரம்மாவின் சந்தேகமெல்லாம் இடது பக்கத்தின் மேல்தான் என்பதால் பத்துக் கம்பி அங்கே. வலது பக்கம் இரண்டே இரண்டு, "எதுக்கும் இருக்கட்டும்" என்று.

பிறகு மாத்திரைகளை நிறுத்திவிட்டு, இத்தனை வருஷம் எதை விரட்டினார்களோ அதற்கே கதவைத் திறந்துவைத்துக் காத்திருந்தார்கள். அது ஏமாற்றவில்லை. மூன்றாம் நாள் ஒன்று, நாலாம் நாள் ஒன்று, ஐந்தாம் நாள் இரண்டு, ஆறாம் நாள் ஒன்று. ஐந்தும் இடது பக்கத்தில் ஒரே இடத்திலிருந்து, ரப்பர் ஸ்டாம்பு குத்தினாற்போல. ஏழாம் நாள் முதல் அமைதி.

ஒன்பதாம் நாள் டாக்டரம்மா குடும்பத்தைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார். கம்பிகளை எடுக்கும்போதே, கையோடு இடது பக்கத்தில் கட்டைவிரல் அளவு ஒரு துண்டையும் எடுத்துவிடலாம். அந்தத் துண்டுக்கு ஞாபகத்தில் ஒரு பங்கு உண்டு. "ஆனா வலது பக்கம் நல்லா இருக்கு, அது பாத்துக்கும்" என்றார். ரெண்டு பக்கமும் கெட்டிருந்தால் இந்த ஆபரேஷனை யாரும் செய்ய மாட்டார்கள். செய்தால், காலையில் சாப்பிட்டதைச் சாயங்காலம் அடுத்தவர்தான் சொல்ல வேண்டியிருக்கும். தையல்காரர் கேட்டது ஒரே கேள்வி. "எப்போ?"

நாளை மறுநாள் காலை ஏழு மணிக்கு என்று சொல்லியிருந்தார்கள். அது நேற்று. இன்றைக்கு அதற்குப் பெயர் நாளை.

ஒயர் அண்ணன் அறைக்குள் நுழைந்தபோது தையல்காரர் கட்டிலில் சாய்ந்தபடி மேற்கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலையில் பெரிய வெள்ளைக் கட்டு. அதன் பின்னாலிருந்து ஒயர்கள் எல்லாம் ஒன்றாகக் கூடிப் பின்னலாக இறங்கி இடுப்பிலிருந்த பெட்டிக்குள் போயின. தலை வழியே எதையும் மாட்ட முடியாது என்பதால் வீட்டுச் சட்டைதான், முன்பக்கம் பட்டன் வைத்தது. அவரே தைத்தது.

"வந்துட்டுப் போயிட்டார் தம்பி," என்றாள் மனைவி. கையில் இன்னும் மணி இருந்தது.

"யாருக்கா?"

"சின்னவர்."

"இவ ஒருத்தி," என்றார் தையல்காரர். "ஒண்ணும் இல்ல தம்பி. சட்டை பட்டனைத் தொட்டுப் பாத்தேன். தையக்காரன் பட்டனைத் தொடறது ஒரு வியாதியா? அப்படிப் பாத்தா உங்களைப் பத்து நாளா பாக்கறேன், உங்க ரெண்டாவது பட்டன் ஒத்தை நூல்ல தொங்குது. என் கையெல்லாம் அரிக்குது. ஊசி கேட்டா அந்த நர்ஸம்மா என்னமோ வெடிகுண்டு கேட்ட மாதிரி பாக்கறாங்க."

"பேச்சை மாத்தாதீங்க," என்றாள் மனைவி. "தம்பி, எங்க வீட்டுக்கு ரெண்டு பேர் வருவாங்க. பெரியவர் வந்தா ஊருக்கே தெரியும். கத்தல், விழறது, நாக்கைக் கடிச்சுக்கறது, எல்லாம். இங்க வந்து அஞ்சு தரம் ஆட்டம் காட்டினது அவர்தான். சின்னவர் அப்படி இல்ல. வந்ததே தெரியாது. சும்மா பட்டனைத் தடவிட்டுப் போயிடுவார். அப்புறம் இவர் அரை மணி நேரம் என்னையே யாருன்னு யோசிப்பார்."

"கல்யாணமான எல்லாரும் அப்பப்ப யோசிக்கறதுதான்," என்றார் தையல்காரர்.

"இதை முதல்லயே சொல்லலையாக்கா?"

"சேந்த அன்னைக்கே சொன்னேன். ஃபாரம் எழுதின பொண்ணு சிரிச்சிட்டு, 'தையல்காரர்னா பட்டனைப் பாக்கத்தானே செய்வார்'னுச்சு. வலிப்பு எத்தனை வகைன்னு போட்டு ஒரு கட்டம் இருந்தது. அதுல ஒண்ணுன்னு எழுதிடுச்சு. கட்டம் சின்னதா இருந்துச்சு, பாவம்."

"நேத்து ரெண்டு தரம் நீங்க மணி அடிச்சதும் இதுக்குத்தானா?"

"ஆமா. நீங்கதான் திரையில ஒண்ணும் இல்லேன்னு போயிட்டீங்க."

அது உண்மை. போனதோடு நிற்காமல், பதிவேட்டில் 'பொய் அழைப்பு, மனைவியின் பதற்றம்' என்று அழகான கையெழுத்தில் எழுதியும் வைத்திருந்தார். அவளுக்குத் தெரியாது என்றாலும், அவர் காதோரம் சூடாகியது.

"எப்படிக்கா கண்டுபிடிக்கறீங்க, தொழில் பழக்கம் எது, சின்னவர் எதுன்னு?"

அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். இதுகூடத் தெரியாமல் இந்த மாடியில் என்னதான் செய்கிறீர்கள் என்ற அர்த்தம் அதில் இருந்தது; மரியாதைக்குச் சொல்லவில்லை. "பட்டன் கெட்டியா இருக்கான்னு பாக்கணும்னா ரெண்டு கையும் வேணும் தம்பி. ஒரு கையில துணியைப் பிடிக்கணும், ஒரு கையில பட்டனை இழுக்கணும். சின்னவர் வந்தா வலது கை மட்டும்தான் தடவும். இடது கை கட்டை மாதிரி கிடக்கும். நீங்களே பாருங்க."

அவர் தன் இருக்கைக்குத் திரும்பினார். திரையை இருபது நிமிஷம் பின்னுக்கு ஓட்டினார். கோடுகள் எல்லாம் சாதுவாகப் போய்க்கொண்டிருந்தன. முள்போல எழும்பும் குத்து ஒன்றுகூட இல்லை. பேனாவை எடுத்து 'பொய்' என்று எழுதினார். அடுத்த சொல்லுக்கு முன் கை நின்றது. அவள் சொன்னதற்காக மட்டுமே, மேற்கூரைக் கேமரா பிடித்த படத்தைத் திறந்தார்.

படத்தில் தையல்காரர் பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பாதியில் மென்றது நின்றது. வலது கை மெல்ல எழுந்து மூன்றாவது பட்டனைத் தொட்டது, தடவியது, விட்டது, மறுபடி தடவியது. இடது கையில் மீதி பிஸ்கட். அந்தக் கை மணிக்கட்டில் வளைந்து, விறைத்து, யாரோ மறந்துவிட்டுப் போன பொருள்போலப் போர்வை மேல் கிடந்தது. ஐம்பது விநாடி. பிஸ்கட் உடையவும் இல்லை, விழவும் இல்லை.

இது வலிப்பு. இருபது வருஷம் டிவி பார்த்தவருக்கு அதில் சந்தேகம் வராது. ஆனால் வலிப்பு நடக்கும்போது கோடுகள் எப்படிச் சாதுவாக இருக்கும்? ஒன்று, கம்பி எட்டாத இடத்தில் நடக்க வேண்டும். இல்லையென்றால்...

அவர் கண் திரையின் அடிமூலைக்குப் போனது. எறும்பளவு எழுத்தில் அங்கே ஒரு வரி இருந்தது. ஒன்பது நாளாக இருந்தது. ஒரு நாளைக்கு ஆயிரம் தரம் அதன் மேல் பார்வை பட்டிருக்கும். சுவரில் பல்லி போன தடத்தைப் பார்ப்பதுபோல.

காட்டப்படுபவை: 88 / 96.

நாற்காலி கிறீச்சிட்டது. அவர் எதுவும் செய்யவில்லை, பின்னால் சாய்ந்தார், அவ்வளவுதான்.

எல்லாம் நினைவுக்கு வந்தது. கம்பி இறக்கிய மறுநாள் வலது பக்கத்தின் இரண்டாவது கம்பி போட்ட கூத்து. எட்டுக் கோடுகளும் ஒன்றன் மேல் ஒன்று ஏறி, குழந்தை கையில் பேனாவைக் கொடுத்ததுபோலத் திரை முழுக்கக் கிறுக்கின. அதில் ஆச்சரியம் இல்லை. மூளைக்குள் கம்பியை விட்டால் முதல் இரண்டு மூன்று நாள் அது அதுவாகவே இருக்காது. புண் ஆற வேண்டும், கம்பி ஒட்ட வேண்டும். டாக்டரம்மா அன்று கண்ணைக் கசக்கிக்கொண்டு "ஒயர், இது கண்ணைக் குத்துதே" என்றார். ஒயர் அண்ணன் அந்த எட்டையும் மறைத்து, 'படிக்க வசதி' என்று பெயர் கொடுத்து அந்த அமைப்பைச் சேமித்துவைத்தார். பதிவு எப்போதும்போல ஓடிக்கொண்டிருந்தது, கண்ணுக்குத்தான் தெரியாது. "இப்பதான் குளுகுளுன்னு இருக்கு" என்றார் டாக்டரம்மா. அதிலிருந்து எல்லோரும் அதில்தான் படித்தார்கள்.

தற்காலிகமாகத்தான் செய்தார். அந்த மாடிப் படியருகே, நீர்க் கசிவுக்குக் கீழே தற்காலிகமாக வைத்த ஒரு வாளி எட்டு வருஷமாக அங்கேயே பணியாற்றி வருகிறது.

அவர் மவுஸை நகர்த்தி எட்டுக் கோடுகளையும் திறந்தார். பிஸ்கட் நேரத்துக்குப் போனார். அங்கே இருந்தது. வலது பக்கம், இரண்டாவது கம்பி, அடிமுனையில் மெல்லிய நடுக்கமாகத் தொடங்கி, எட்டுக் கோடுகளிலும் பரவி, ஐம்பது விநாடி ஊழிக்கூத்து ஆடி, சட்டென்று அணைந்திருந்தது. பக்கத்து எண்பத்தெட்டுக்கும் சங்கதியே தெரியவில்லை. அடுத்த வீட்டில் தீப்பிடித்தபோது தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மாதிரி நேராகப் போய்க்கொண்டிருந்தன.

மதியச் சாப்பாட்டை மறந்து பத்து நாளையும் எண்ணினார். வலிப்பு வராத நேரத்திலும் கெட்ட இடம் சும்மா இருக்காது. நடுநடுவே முள் முள்ளாகக் குத்திக்கொண்டிருக்கும். அதை நாளுக்கு எத்தனை என்று எண்ணும் வசதி கம்ப்யூட்டரில் இருந்தது. மூன்றாம் நாள் இடது பக்கம் இரண்டாயிரத்து இருநூறு, வலது பக்கம் முப்பது. ஐந்தாம் நாள் வலது எழுபது. ஏழாம் நாள் இடது அறுநூறு, வலதும் கிட்டத்தட்ட அதே. நேற்று இடது வெறும் இருநூற்று நாற்பது. வலது இரண்டாயிரத்து அறுநூறு. இரண்டையும் வரைந்து பார்த்தார். ஒன்று இறங்க, ஒன்று ஏற, ஏழாம் நாளில் இரண்டும் குறுக்கே வெட்டிக்கொண்டு, விரித்து வைத்த கத்தரிக்கோல் மாதிரி நின்றது.

ஆபரேஷனுக்குப் பிறகு ஞாபகத்தைப் பார்த்துக்கொள்ளும் என்று டாக்டரம்மா சொன்ன நல்ல பக்கம், ஏறிக்கொண்டிருந்த அந்த வலதுதான்.

தையல்காரரின் மனைவி ஏதோ நோட்டு எழுதுவதைப் பார்த்த ஞாபகம் வந்தது. மறுபடி முட்டியைப் பலி கொடுத்தார்.

அவள் டீ வாங்கக் கீழே போயிருந்தாள். நோட்டு மேஜை மேல் இருந்தது. அளவு நோட்டு. முன்பக்கமெல்லாம் காலர் பதினைந்தரை, கை இருபத்துமூணு, இடுப்பு 'கேட்டதுக்கு ரெண்டு இஞ்சு சேத்து'. பின்பக்கத்திலிருந்து அவள் கையெழுத்து. தேதி, தேதிக்கு நேரே 'பெ' அல்லது 'சி'. மூன்று வருஷம். அவர் நின்றபடியே புரட்டினார். சின்னவர் நாலைந்து நாள் சேர்ந்தாற்போல வந்துவிட்டு, மூன்று நாலு வாரம் காணாமல் போகிறார். அந்த இடைவெளியில் பெரியவர் வருகிறார். இருவரும் ஒரே வாரத்தில் தலை காட்டியது மூன்று வருஷத்தில் நாலே தடவை. ஒன்பது நாளில் இவர்கள் பார்த்தது பெரியவரின் வாரம், அவ்வளவுதான்.

"தம்பி," என்றார் தையல்காரர். கதவை ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். "உங்க மூஞ்சியே சரியில்ல. தெரிஞ்சிடுச்சா?"

"உங்களுக்குத் தெரியுமாண்ணே?"

"வந்துட்டுப் போனப்புறம் வாயில ஒரு தகர ருசி இருக்கும். நேத்தும் இருந்துச்சு. இன்னைக்கும் இருந்துச்சு." அவர் குரல் தணிந்தது. "ஒண்ணு கேக்கவா? உங்க திரையில தெரியலைன்னா அது இல்லாத மாதிரிதானே?"

ஒன்பது நாளாக அந்த மாடி முழுக்க அந்தக் கொள்கைப்படிதான் இயங்கியிருந்தது.

"எனக்குத் தெரியும், ரெண்டு பேரும் போக மாட்டாங்க. ஒருத்தராவது போகட்டுமே தம்பி. பெரியவர் போனா போதும். மூணு தரம் மெஷின் ஊசி விரல்ல ஏறியிருக்கு. பதினோரு மாசமா என் கடையில என் மச்சான் வெட்டறான், நான் துணி மடிக்கறேன். கத்தரிக்கோலை என் கைக்கு எட்டாத அலமாரியில வெச்சிருக்கான். நல்லவன்தான், அதான் ரொம்பக் கடுப்பா இருக்கு." மறுபடி கதவைப் பார்த்தார். "ரோடு தாண்டறப்போ என் பொண்ணு என் கையைப் பிடிச்சுக்குவா. அவளுக்குப் பயம்னு நினைச்சேன். போன மாசம்தான் புரிஞ்சுது, அவ என்னைக் கூட்டிட்டுப் போறான்னு. ஒம்பது வயசு."

"அண்ணே, வலது பக்கமும் சரியில்லைன்னா, இடதை எடுத்தப்புறம் ஞாபகம்..."

"என்ன ஞாபகம்? யாருக்கு எவ்வளவு இடுப்புன்னா? நோட்டுல இருக்கு."

"நோட்டு எங்க இருக்குங்கறதே மறந்துடும்ணே."

தையல்காரர் போர்வையின் மடிப்பை இரண்டு கையாலும் நீவினார். பிறகு, கெஞ்சலே இல்லாமல், கடையில் கெடு தள்ளிப்போடுகிற வாடிக்கைக் குரலில் சொன்னார்: "நாளைக்குக் காலையில ஏழு மணி வரைக்கும் நீங்க ஒண்ணும் பாக்கலைன்னு வெச்சுக்குங்களேன்."

அவள் டீயோடு வந்தாள். ஒயர் அண்ணன் நோட்டை இரவல் கேட்டு வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்.

இருக்கையில் உட்கார்ந்து நேர்மையாகவே யோசித்தார். யாருக்கும் தெரியாது. 'படிக்க வசதி'யில் படித்து, 'படிக்க வசதி'யில் முடிவெடுத்தாகிவிட்டது. இரண்டு பொய் அழைப்பும் பதிவேட்டில் பத்திரமாக இருக்கின்றன. அந்த மனிதரே சொல்ல வேண்டாம் என்கிறார். சொன்னால் முதல் கேள்வி தன் தலையில்தான் விழும். ஆனால் பொய்யைக் காப்பாற்றுவதற்கும் தெம்பு வேண்டும். என்ன மறைத்தோம், யாரிடம் என்ன சொன்னோம் என்று தினமும் ஞாபகம் வைத்திருக்க வேண்டும். அந்தத் தெம்பு மதியத்துக்கு முன்பே தீர்ந்துவிட்டது. அதோடு, அந்த ஒன்பது வயசுப் பெண் ஒரு நாள் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு நிற்க, அப்பா அவளை யார் வீட்டுக் குழந்தை என்று பார்க்கிற காட்சி, கேட்காமலே வந்து கண்முன் நின்றது. அதை மறைக்க எந்த அமைப்பிலும் வழி இல்லை.

டாக்டரம்மா தன் அறையில் நின்றபடி ரொட்டி தின்றுகொண்டிருந்தார். மணி மூன்றரை, அதுதான் மதியச் சாப்பாடு. உட்கார்ந்தால் தூங்கிவிடுவோம் என்று பயந்து நின்றுகொண்டிருந்தார்.

"சொல்லுங்க ஒயர்."

"மேடம், எட்டுக் கோட்டை மறைச்சு வெச்சிட்டேன்."

மெல்லுவது நின்றது. ஒரு கணம் ஒயர் அண்ணன் டாக்டரம்மாவின் இடது கையைப் பார்த்தார். இன்றைக்கு அவர் யாரையும் அப்படித்தான் பார்த்தார். கை நன்றாகவே இருந்தது, ரொட்டியை மேஜையில் வைத்தது.

"எப்பலேருந்து?"

"ரெண்டாம் நாள்லேருந்து. வலது ரெண்டாவது கம்பி."

படத்தைக் காட்டினார். பிஸ்கட்டைக் காட்டினார். கத்தரிக்கோலைக் காட்டினார். அளவு நோட்டைக் காட்டினார். டாக்டரம்மா நோட்டின் பின்பக்கத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை, நின்றபடியே படித்தார்.

"கண்ணைக் குத்துதுன்னு சொன்னது நான்தானே?"

"ஆமா மேடம். ஆனா திறக்க மறந்தது நான்."

"எண்பத்தெட்டைத் தொண்ணூத்தாறுன்னு ஒம்பது நாள் படிச்சது நான்."

"பொய் அழைப்புன்னு எழுதினதும் நான்தான் மேடம்."

அந்த மருத்துவமனையின் சரித்திரத்தில் ஒரு தவறுக்கு இரண்டு பேர் போட்டி போட்டது அதுதான் முதல் தடவை. வழக்கமாக அந்த நேரத்துக்குள் மூன்றாவது ஆள் ஒருவர் சிக்கியிருப்பார்.

டாக்டரம்மா கடைசியில் நாற்காலியில் உட்கார்ந்தார். "பதினாறு வருஷமா இந்த வேலை பாக்கறேன்," என்றார். "ஒரு வாரம் பாத்துட்டு அதுதான் அந்த மூளைன்னு முடிவு பண்ணிடறோம். அந்தம்மா மூணு வருஷமா பாத்துட்டிருக்காங்க, நம்ம ஃபாரத்துல அதுக்கு இடம் இல்ல." கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நாளைக்கு ஆபரேஷன் இல்ல. கம்பி இன்னும் ஆறு நாள் இருக்கட்டும். புண் சீழ் பிடிக்காம பாத்துக்கணும். நடந்ததை அப்படியே எழுதிக் குடுங்க, நானும் கையெழுத்துப் போடறேன். வாங்க, போய்ச் சொல்லுவோம்."

"நானுமா மேடம்?"

"பின்ன? நான் மட்டும் தனியா திட்டு வாங்கவா?"

தையல்காரர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். டாக்டரம்மா எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும், "அப்ப நாளைக்கு இல்ல," என்றார். சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்தார். ஒயர் பின்னல் இழுபடாமல் மனைவி பின்னாலிருந்து அதைத் தூக்கிப் பிடித்தாள். பிறகும் ரொம்ப நேரம் கீழே வைக்காமல் பிடித்துக்கொண்டே நின்றாள்.

அடுத்த ஆறு நாளும் தையல்காரர் ஒயர் அண்ணனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒயர்களைச் சரிபார்க்கப் போனால் தலையைக் கொடுப்பார், அவ்வளவுதான். முடி வெட்டுபவரிடம் கொடுப்பதுபோல. "கோவம் இல்ல தம்பி, களைப்பு," என்றாள் மனைவி. பேசினால் நன்றாயிருக்குமே என்று ஒயர் அண்ணன் ஏங்கிய ஒரே நோயாளி அவர்தான். மற்றவர்களெல்லாம் பேச்சை எப்போது நிறுத்துவார்கள் என்றுதான் ஏங்குவார்.

மணி அடிக்கும்போதெல்லாம் இப்போது உடனே எழுந்து போனார். முட்டி இதை ஏற்றுக்கொள்ளவில்லை. அதைக் கலந்தாலோசிக்கவும் இல்லை. சின்னவர் இன்னும் நாலு தடவை வந்தார். நாலும் வலது பக்கம். பதினான்காம் நாள் அவர் ஓய, இடது பக்கம் மறுபடி முள் குத்த ஆரம்பித்தது. பதினாறாம் நாள் பெரியவர் வந்தார். "ரெண்டும் முறை வெச்சு வேலை பாக்குது, நம்ம ஆபீஸைவிட ஒழுங்கா," என்றார் டாக்டரம்மா, ஒயர் அண்ணனுக்கு மாற்றாள் கிடைக்காததைச் சுட்டிக்காட்டி. மாற்றாள் அதற்குப் பிறகும் கிடைக்கவில்லை. விளக்கம் கேட்டு மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் மட்டும் கிடைத்தது.

பதினேழாம் நாள் கம்பிகளை எடுத்தார்கள். துண்டு எதையும் எடுக்கவில்லை. மறுநாள் வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா, வெட்டாமலே இரண்டு பக்கத்தையும் அடக்கிவைக்கும் ஒரு சின்னக் கருவி இருக்கிறது, ஒரு மாசம் கழித்து வாருங்கள், பேசுவோம் என்றார். பழைய மாத்திரைகள் எல்லாம் திரும்பி வந்தன, புதிதாக ஒன்றையும் கூட்டிக்கொண்டு.

ஒயர் அண்ணன் அளவு நோட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனார். தையல்காரர் கட்டிலின் விளிம்பில் கால் தொங்க உட்கார்ந்திருந்தார். தலையில் கட்டு சின்னதாகியிருந்தது. பின்னல் இல்லை. இடுப்பில் பெட்டி இல்லை.

"பிரதி எடுத்துக்கிட்டோம்க்கா," என்று நோட்டை நீட்டினார். "அந்த ஃபாரத்துல கட்டத்தைப் பெருசாக்கச் சொல்லியிருக்கோம். அச்சடிச்சு வர ரெண்டு வருஷம் ஆகுமாம்."

மனைவி சிரித்தாள். தையல்காரர் சிரிக்கவில்லை. அவர் பார்வை ஒயர் அண்ணன் மார்பில் நிலைகுத்தியிருந்தது. வலது கை மெல்ல எழுந்து வந்து இரண்டாவது பட்டனைத் தொட்டது. தடவியது.

அறையில் எல்லாம் நின்றது.

ஒயர் அண்ணன் அனிச்சையாகக் அறைக் கண்ணாடிக்கு அப்பால் தன் மேஜையிலிருந்த திரையைத் திரும்பிப் பார்த்தார். கறுப்பாக இருந்தது. தொண்ணூற்றாறும் இல்லை, எண்பத்தெட்டும் இல்லை. அந்த மண்டைக்குள் இப்போது யாருடைய முறை என்று சொல்ல யாரும் இல்லை. மறுபடி தையல்காரரைப் பார்த்தார். முகத்தை அல்ல, இடது கையை. மனைவியும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது பார்க்காமலே தெரிந்தது. கை மடியில் கிடந்தது. கிடந்தது.

பிறகு எழுந்தது. இரண்டு விரலால் சட்டைத் துணியைப் பிடித்துக்கொண்டது.

"ரெண்டு கை," என்றாள் மனைவி, மூச்சை விட்டு.

வலது கை பட்டனைச் சுண்டி ஓர் இழுப்பு இழுத்தது. ஒற்றை நூல் அறுந்தது. தையல்காரர் அந்தப் பட்டனை ஒயர் அண்ணனின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை அவரே மடக்கிவிட்டார்.

"இத்தனை நாள் தொங்கினதே பெரிசு. எங்கயாவது விழுந்தா இதே மாதிரி பட்டன் கிடைக்காது, பத்திரமா வெச்சுக்குங்க," என்றார், எட்டு நாள் பேசாதது தொண்டையில் கரகரக்க. "சட்டையை எடுத்துட்டு கடைக்கு வாங்க. பெரியவர் வாரம்னா மச்சான் தைப்பான்." கொஞ்சம் யோசித்தார். "இல்லேன்னா நான் தைக்கறேன். வரும்போது ஒரு போன் பண்ணிட்டு வாங்க, இவ நோட்டைப் பாத்துச் சொல்லுவா."